மீன் தொட்டிக்கு மூன்றாவது பம்ப்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பனிமூட்டம் தேயிலை ஸ்டோர் கூரையைத் தொட்டுக்கொண்டு. கொழுந்தெல்லாம் ஈரம், வாட மாட்டேன் என்கிறது. நானும் வாடித்தான் வீட்டுக்கு வந்தேன்.

வந்தால் மீன் தொட்டிப் பம்ப் செத்துக் கிடக்கிறது.

மகன் தினேஷ் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன தொட்டி. தங்க மீன் ஆறு. கொழுத்ததற்கு, தோட்டத்து மேனேஜரைச் சொல்வதுபோல், பெரிய தொரை என்று அவன் வைத்த பெயர். மற்றதைச் சாப்பிட விடாது, பெயர்ப் பொருத்தம்தான். மேல் தொட்டித் தண்ணீர் குழாயில் இறங்கி, அலுமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் ஸ்பொஞ்சு வழியாக வடியும். பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். அந்தப் பம்ப்தான் போனது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

தினேஷ் குரல் மெசேஜ் அனுப்பியிருந்தான். போன் ஸ்பீக்கர் சரியில்லை, சரோஜா கேட்டுத் திருப்பிச் சொன்னாள். "ரிட்டர்ன் பம்ப்னு கேட்டு வாங்கணுமாம். சத்தமில்லாததா பாத்து வாங்கச் சொல்றான். அதுவரைக்கும் ஜக்கால மொண்டு மேல ஊத்தணுமாம், இல்லாட்டி மூச்சு முட்டிச் செத்துருமாம்."

ஜக்கு, நூறு தடவை. இடுப்பு விட்டுப்போனது.

சத்தமில்லாததாகப் பார்த்து! எனக்கா சொல்கிறான்? முப்பத்தொரு வருசம் தேயிலை ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். கொழுந்து உருட்டுகிற ரோலர் பக்கத்தில் நின்றாலே எந்த பேரிங் அழுகிறது என்று சொல்கிற காது. அந்தக் காதுக்குத்தான் சம்பளம்.

ஜூலை 8, செவ்வாய்

அரை நாள் லீவு. ஹட்டன் வரை பஸ்ஸில் நின்றபடி. குடை யாருடையதோடோ மாறிவிட்டது. கைக்கு வந்தது என்னுடையதைவிட மோசம்.

வாங்க: பம்ப், வெங்காயம், பாண், சரோஜாவின் முழங்கால் தைலம்.

வளர்ப்பு மீன் கடை நானா பெட்டிகளை மேசையில் அடுக்கினார். "எவ்வளவு ஒசரம் ஏத்தணும் பிட்டர் ஐயா?"

உயரம் எதற்கு, லீட்டரைச் சொல்லுங்க என்றேன். மணிக்கு ஆயிரம் லீட்டர் என்று போட்டிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். நானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

தைலத்தை மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

தண்ணீர் ஏறவில்லை. குழாயில் முக்கால் தூரம் வந்து நிற்கிறது. ஏற வேண்டியது நாலரை அடி. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான், ஆகக்கூடிய உயரம் ஒரு மீட்டர். அந்த ஆயிரம் லீட்டரும் தரையோடு தரையாக விட்டால்தானாம். உயர உயரக் குறைந்துகொண்டே போகுமாம்.

எனக்கு எப்படித் தோன்றும்? பிறந்ததிலிருந்து தண்ணீர் மலையிலிருந்துதான் வந்தது. லயத்து வீட்டுப் பீலிக் குழாய்க்கு மேலிருந்து, இந்த குவாட்டர்ஸ் பைப்புக்கு மேலிருந்து. ஸ்டோரில் ஒரு காலத்தில் ஓடிய டர்பைன்கூட விழுகிற தண்ணீரில்தான். தண்ணீரைத் தூக்க வேண்டும் என்ற ஞானம் கீழ்நாட்டுக்காரனுக்குத்தான் வரும்.

இதை விளக்கினேன். சரோஜா: "முப்பது வருசம் பிட்டரு." அவ்வளவுதான் சொன்னாள். மீதியை முகம் சொன்னது.

மறுபடி ஜக்கு.

ஜூலை 10, வியாழன்

மா. 4க்கு இறங்கி மறுபடி ஹட்டன். நானா நல்ல மனுசன், நனைந்த பம்பை மாற்றித் தந்தார். "இது பெரிசு ஐயா. ரெண்டரை மீட்டர் ஏத்தும். கொஞ்சம் சத்தம் ஈக்கி." சத்தம் இருக்குமாம்.

பம்பைக் குழாயோடு பூட்டினேன். தண்ணீர் கொட்டுகிறது. பெரிய தொரை தண்ணீர் விழும் இடத்தில் போய் நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. காதை அலுமாரிக் கதவில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. நானாவுக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை.

தைலம் வாங்கியாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

விடிய எழும்பினால் சரோஜா கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். "ராத்திரி பூரா கீஈன்னு கொசு மாதிரி. உங்களுக்குக் கேக்கலியா?"

இல்லை என்றேன். அவளுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் இருபது இருபத்தைந்து, நாள் முழுக்க அழுகை. அதுதான் காதில் மிச்சமிருக்கிறது என்று சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். அந்தச் சத்தம் கேட்டது.

இருந்தாலும் செய்தது:
பம்புக்கு அடியில் தடித்த ஸ்பொஞ்சு.
கண்ணாடியில் முட்டாமல் நகர்த்தி வைத்தது.
விறைத்த பைப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் டியூப்.
அலுமாரிக் கதவுக்குள் பழைய கம்பளி.

இப்போது? "அதே கீதான்."

பொறுமை போயிற்று. இல்லாத சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். "கத்தாதீங்க," என்றாள். "இப்பல்லாம் நீங்க எது பேசினாலும் கத்தித்தான் பேசுறீங்க."

ஸ்டோரிலும் இதே தொல்லை. மெஷின் பார்க்கிற சுனில் வந்து, "பாஸ், மூணாம் ரோலர், சத்தயக் எனவா" என்றான். ஏதோ சத்தம் வருகிறதாம். ஸ்குரூ டிரைவர் நுனியை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. நன்றாக ஓடுகிறது என்று லொக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். சுனில் மூன்றாம் ரோலரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஊரில் எல்லாருக்கும் காது கூடிவிட்டதா?

ஜூலை 12, சனி

சரோஜா பாயைச் சுருட்டிக்கொண்டு குசினி அடுப்போரத்துக்குப் போய்விட்டாள். கல்யாணம் கட்டி இருபத்தேழு வருசம். கோபத்தில்கூட இப்படிப் போனதில்லை. இது கோபமில்லை, தூக்கம் என்கிறாள். அதுதான் இன்னும் மோசம்.

மத்தியானம் தினேஷ் வீடியோவில். போனைத் தொட்டி பக்கம் காட்டினேன், மீனைப் பார்க்கட்டும் என்று. அவன் முகம் சுளித்தான். சரோஜா போனை வாங்கிக் கேட்டுவிட்டு என்னிடம் சொல்லத் தயங்கினாள்.

"என்ன சொல்றான்?"

"என்னப்பா அந்த கீ சத்தம்னு கேக்குறான்."

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கேட்கிறது. பக்கத்தில் நிற்கிற எனக்குக் கேட்கவில்லை.

வெளியே போய் நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது, அது கேட்கிறது. பூனை ஒன்று மதிலில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் சத்தம் வரவில்லை. பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன். பயமாக இருக்கிறது.

காது போன பிட்டரை யார் வைத்திருப்பார்கள்? பேரிங் இறுகிப் பிடித்து ரோலர் நின்றால் அன்றைய கொழுந்து முழுக்கக் குப்பை. பக்கத்தில் நிற்கிறவன் கை போனாலும் போகும்.

ஜூலை 13, ஞாயிறு

சரோஜாவையும் கூட்டிக்கொண்டு ஹட்டன். அவள் காதால் வாங்கலாம் என்று. நான் சொல்லவில்லை, அவளே கிளம்பினாள்.

நானா மூன்று வாளியில் தண்ணீர் பிடித்து மூன்று பம்பைப் போட்டார். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கெட்டுவிடும். ஒவ்வொன்றாக சுவிட்ச் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பரீட்சை எழுதுகிறவன் மாதிரி.

"ரெண்டாவது," என்றேன். "சத்தமே இல்ல. இதைக் குடுங்க."

கண்ணைத் திறந்தால், கடைக்கு வந்திருந்த ஒரு பொம்பிளை தன் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வாளி நடுங்குகிறது. நானா குனிந்து சுவிட்சை அணைத்தார்.

"மெஷினுக்குள்ளயே நிக்கிற ஆள்தானே," என்றார் மெதுவாக. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மூன்றாவதைச் சரோஜா எடுத்தாள். சின்ன அடாப்டரில் ஓடுவது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மூன்று மீட்டர் ஏற்றும். நாலரை அடிக்குப் பாதி வேகமே போதுமாம். குறைந்த வேகத்தில் ஓடினால் சத்தமும் குறையும். இவ்வளவையும் அவளே விசாரித்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

சரோஜா அறையில் தூங்கினாள். விடிந்தும் எழும்பவில்லை, நான்தான் தேத்தண்ணி வைத்தேன். பம்ப் ஓடுகிறதா என்று தண்ணீர் விழுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கா. 6க்கே ஸ்டோர். நேரே மூன்றாம் ரோலர். கேட்டது போதும், திறந்தே பார்த்துவிடலாம் என்று மூடியைக் கழற்றினேன்.

உள்ளே புது பேரிங். புது கிரீஸ். நான் போட்டதில்லை.

சுனிலைக் கூப்பிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "டீமேக்கர் மஹத்தயா கிவ்வா" என்றான். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் சொன்னாராம்.

டீமேக்கர் ஐயா தேத்தண்ணிச் சாயம் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்த தேத்தண்ணியைத் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். நானே தொடங்கினேன். ஐயா, எனக்குக் காது சரியில்லை, மூன்றாம் ரோலர் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கேட்காமலே கையெழுத்துப் போட்டேன் என்றேன். எவ்வளவு கஷ்டப்பட்டு வாயைத் திறந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் பக்கத்தில் வந்து, காதோரம் குனிந்து சொன்னார்: "தெரியும் பிட்டர். ரெண்டு வருசமா நீங்க பாத்துட்டுப் போன பிறகு சுனில் ஒரு தடவ பாப்பான். தொழில் பழக்கிக் குடுத்தவர்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு அவனுக்குத் தெரியல. எனக்கும் தெரியல."

இரண்டு வருசம். லொக் புத்தகத்தில் எத்தனை கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொருவன் வந்து குனிந்து கேட்டிருக்கிறான், நான் பார்க்காத நேரமாகப் பார்த்து.

"கைவேல உங்களுது. கேக்கிறத மட்டும் அவன் பாக்கட்டும்," என்றார். வேலை இருக்கிறது. சந்தோசப்பட வேண்டும். வெட்கம்தான் வந்தது, பிறகு கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. சுனிலிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகு சரி. காது தலையிலேயே இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. காது கிளினிக் வியாழக்கிழமைதானாம். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. சுனிலிடம் பேசினேன். இனி அவன் கேட்டுச் சொன்ன பிறகுதான் என் கையெழுத்து என்றேன். அழப் பார்த்தான். வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

மீன் ஆறும் சுகம்.

சாயந்தரம் குசினி வாசலில் நின்றேன். சரோஜா அடுப்பைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். இத்தனை நாளும் இந்த இடத்தில் 'ம்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். எத்தனை 'ம்' என்று கணக்கில்லை. எதற்கெல்லாம் சரி சொன்னேனோ.

"கேக்கல சரோ," என்றேன். "திரும்பச் சொல்லு."

கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்.

"தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்குதுன்னேன்."