தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு வராத பஸ்ஸுக்கு நாங்கள் கட்டும் வரி

அனுப்புநர்:
மேட்டுத் தட வேன் ஓட்டுநர் (முன்னாள்),
கடைசித் தெரு, தண்ணீர்த் தொட்டி மேடு.

பெறுநர்:
பொதுப் போக்குவரத்துத் திட்ட இயக்குநர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை அலுவலகம்.

பொருள்: எரிபொருள் வரியும் வாகனக் கட்டணமும் வசூலித்துக் கடன் பத்திரம் அடைக்கப்பட்டு வரும் பஸ் தடம், வாக்களித்தபடி மேட்டுக்கு வராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களுக்கு என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். தடத்தை அளக்க வந்த அன்று தங்கள் கார் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. தங்களை என் வேனின் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றிக் காட்டியவன் நான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்காவின் வீட்டில்தான் தாங்கள் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள்.

2. பஸ் வாங்க அரசு கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் என்றும், எரிபொருளுக்குக் கூடுதல் வரியும் வண்டிகளுக்குக் கூடுதல் ஆண்டுக் கட்டணமும் போட்டு, அந்த வருவாயில் கடனை வட்டியோடு அடைக்கும் என்றும், இதற்குக் குடியிருப்போரின் வாக்கெடுப்பில் சம்மதம் வேண்டும் என்றும் தாங்கள் விளக்கினீர்கள். மேட்டுக்காரர்கள் அப்போது ஒரே பேச்சாக வேண்டாம் என்று இருந்தார்கள். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பாங்க. கடைசி ஸ்டாப் உங்க மேடுதான், இது என் வாக்கு" என்றீர்கள். நானும் வீடு வீடாகப் போனேன். என் பிழைப்புக்குப் போட்டியாக வரும் பஸ்ஸுக்கு நானே ஓட்டுக் கேட்டேன் ஐயா! அக்கா மட்டும், "ஏன்டா, பஸ் வந்தா உன் வேன்ல எவன் ஏறுவான்?" என்று கேட்டாள். பஸ்ஸில் படி தாழ்வாக இருக்கும், உன் முட்டிக்கு நல்லது என்று அவள் வாயை அடைத்தேன். அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் சம்மதிக்க வைத்தாள்.

3. எங்கள் வேன் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. தடத்தை விடுகிறவர் முன்கண்ணாடியில் மாட்டிய தடப் பலகையைக் கழற்றி ஸ்டாண்டுத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அங்கே ஆள் ஏற்றினால், மற்ற ஓட்டுநர்கள் அவரோடு டீகூடக் குடிக்க மாட்டார்கள். "பஸ் ஓடட்டும், அப்புறம் கழட்டு. உனக்கு என்ன அவசரம்?" என்றார் தலைவர். நான் கேட்கவில்லை. பஸ்ஸை நம்பச் சொன்னவனே பலகையை மாட்டிக்கொண்டு திரிந்தால் நன்றாகவா இருக்கும் என்று, வாக்கெடுப்பு முடிவு வந்த மறுநாளே கழற்றிக் கொடுத்தேன். தட அனுமதியைத் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். தாங்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். மேட்டுக்கு ஓடியது என் வேன் ஒன்றுதான். அத்தோடு அந்தத் தடத்தையே மூடிவிட்டார்கள்.

4. வரி வந்தது, கட்டணமும் வந்தது. பஸ்ஸும் வந்தது, பளபளவென்று, தாழ்ந்த படியோடு. ஆனால் அடிவாரத்து மாவு மில் முக்கிலேயே திரும்பிப் போய்விடுகிறது. மேலே நிழற்குடை கட்டி, பெஞ்சு போட்டு, தட எண் பலகையும் நட்டிருக்கிறீர்கள். இதுவரை அதனால் பயனடைந்தது ஒரு நாயும் அதன் குட்டிகளும்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. என் முதல் மனுவுக்கு, வருவாய் குறைவு, பத்திரத் தவணைக்கே முன்னுரிமை, மேட்டுப் பகுதி பின்னர் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. தவணை ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று அதிலேயே பெருமையும் இருந்தது. நல்லது. பத்திரம் வாங்கியவர்களுக்குக் கொடுத்தது வாக்கு, வரி கட்டுகிற எங்களுக்குக் கொடுத்தது வெறும் பேச்சா? இது பச்சைத் துரோகம் ஐயா. இதைவிட மரியாதையான சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. மன்னிக்கவும்.

6. இப்போது அதே வேனில் காய்கறி மூட்டை ஏற்றுகிறேன். டீசல் போடும் பெண், "அண்ணே, உங்க பஸ்ஸுக்கும் சேத்து ஊத்திட்டேன்" என்று சிரிக்கிறாள். மேட்டில் எனக்குக் 'கடைசி ஸ்டாப்பு' என்று பட்டப்பெயர். போகட்டும், தோல் தடித்துவிட்டது. அக்கா படும் பாட்டைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. போன மழையில் அவள் மேட்டில் சறுக்கி விழுந்தாள். இனி இந்த ஏற்ற இறக்கம் ஆகாது என்று மருத்துவர் கண்டித்துவிட்டார். வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்கிறாள். மாதக் கடைசி வரைதான் அவளுக்காகப் பொறுப்பேன் என்று சலவைக்கூட மேலாளர் சொல்லிவிட்டார். அதற்குமேல் வேலை இல்லை. வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினேன். சொந்த அக்காவை ஏற்றினால் ஸ்டாண்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள்தான், "என் பேச்சை நம்பி ஓட்டுப் போட்டவளுங்க நடந்து போறாளுங்க. நான் மட்டும் வண்டியில போகவா? நீ சொன்ன பஸ்ஸு வரட்டும், ஏறுறேன்" என்கிறாள்.

7. ஆகவே, மாதக் கடைசிக்குள் பஸ் மேடு வரை வர ஆணையிடுமாறு வேண்டுகிறேன். இயலாதெனில் என் தட அனுமதியை எழுத்துமூலம் திருப்பித் தாருங்கள். தலைவர் என் பலகையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். அது மாட்டிய வண்டி எல்லாருக்கும் பொது, அக்காவும் ஏறுவாள்.

இரண்டுமே முடியாது என்றால், ஒரு காலையில் தாங்கள் அந்தப் பஸ்ஸிலேயே வந்து மாவு மில் முக்கில் இறங்கி, மேட்டில் நடந்து ஏறி, அக்கா வீட்டு வாசலில் நின்று, "அந்த வாக்கைக் கொடுத்தது நான்தாம்மா, உங்க தம்பி இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மேடேறி வந்தவருக்கு அவள் அன்றுபோலவே தண்ணீர் கொடுப்பாள்.

இப்படிக்கு,
தங்களை நம்பிய,
(ஒப்பம்)
மேட்டுத் தட வேன் ஓட்டுநர்

இடம்: மேட்டு நிழற்குடை
நாள்: இவ்வாண்டு வாகனக் கட்டணம் கட்டிய அன்று