ஃபாயிலில் நிற்காத பொட்டு

செப்டம்பர் 28, ஞாயிறு
சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமை, படிகத்தின் உள்ளமைப்பைப் படமெடுக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஒரே ஒரு நல்ல படிகம் வேண்டும். மாங்கனீஸைச் சுற்றி ஆறு ஆக்ஸிஜன். அதில் இரண்டு மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். நின்றால் என் ஆராய்ச்சி பிழைத்தது. போன வருஷம் எங்கள் லேபில் நிகில் படிகத்தைக் கெடுத்தபோது கைடு ஸ்ரீரங்கன் சார் கத்தவே இல்லை. மறுநாள் தலைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டார். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

செப்டம்பர் 29
ஆக்ஸாலிக் அமிலத்தில் பர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். ஊதா மறைந்ததும் பொட்டாசியம் கார்பனேட், பிறகு ஐஸில் வைத்து மறுபடி பர்மாங்கனேட். நல்ல சிவப்பு. ஆல்கஹால் ஊற்றி, குடுவைக்கு அலுமினிய ஃபாயில் சுற்றி, ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளிச்சம் பட்டால் தீர்ந்தது.

செப்டம்பர் 30
லேபில் ஆயுத பூஜை. பொரியை வாங்கிக்கொண்டு சீக்கிரமே ரயில் ஏறிவிட்டேன். வீடு இருக்கும் ஊரப்பாக்கம் வரை ஒரே யோசனை – ஃபிரிட்ஜை யாரும் திறக்க மாட்டார்கள்தானே?

அக்டோபர் 2
விடுமுறை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்தேன். குடுவை சரஸ்வதி படத்துக்கு முன்னால். ஃபாயில் இல்லை. கழுத்தில் சந்தனம், குங்குமம். அடியில் வெளுத்த பொடி.

போச்சு. எல்லாம் போச்சு. கர்த்தரே, சார்கிட்ட என்னன்னு சொல்வேன்?

அட்டெண்டர் குப்புராஜ் அண்ணாவுக்கு போன் செய்தேன். "எனக்கு இன்னாம்மா தெரியும், சாரையே கேளு" என்று வைத்துவிட்டார். அவர் வேலைதான் இது. பயத்தில் மறைக்கிறார்.

அக்டோபர் 3
சார் அறை வாசலில் நின்றேன். அவரே வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பியூலா, நான்தாம்மா. உனக்கு நல்ல ரிசல்ட் வரணும்னு பொட்டு வச்சேன். ஃபாயில்ல சந்தனம் நிக்கல. ஒரு நிமிஷம்னுதான் பிரிச்சேன். போன் வந்துது, மறந்துட்டேன்."

முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவர். இயந்திரக்காரர்களிடம் தப்பு தன்னுடையது என்று சொல்லி, எட்டாம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறார்.

அக்டோபர் 6
மறுபடி செய்தேன். ஐஸ் தட்டைச் சார் பிடித்துக்கொண்டார். ஃபாயிலைச் சுற்றி முடித்ததும் தயங்கித் தயங்கி, "வைக்கலாமா?" என்றார்.

"நிக்கலைன்னாலும் பரவால்ல, ஃபாயில் மேலயே வைங்க சார்."

அக்டோபர் 7
பயம். பிரித்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 8
ஃபாயிலைப் பிரித்தபோது குங்குமம் விரலில் ஒட்டியது. இரண்டு ஆக்ஸிஜன் தள்ளித்தான் நிற்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "விரல்ல என்னடி சிவப்பு, கெமிக்கலா?" என்றாள். ஆமாம் என்றேன்.