பிசாசின் குரலென்று பூட்டப்பட்ட என் கணவர்

அனுப்புநர்:
பல் செட் செய்யும் தொழிலாளியின் மனைவி,
பேக்கரி மாடி வீடு, ரயிலடிச் சாலை.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
நகரக் காவல் நிலையம்.

பொருள்: ஜெப வீட்டில் அடைத்து வைக்கப்பட்டுள்ள என் கணவரை உடனே மீட்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் விடுமுறை நாட்களில் ஹெவி மெட்டல் குழு ஒன்றில் பாடுவார். அடித்தொண்டையிலிருந்து உறுமுவதுதான் அந்தப் பாட்டு. முதலில் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவர் சாத்தானைக் கும்பிடுபவர் அல்லர். எங்கள் குழந்தை பிறந்த அன்றே இறந்தபோது, ஏன் எடுத்துக்கொண்டீர் என்று கர்த்தரிடம் கேட்டு எழுதியதைத்தான் பாடினார். வீட்டில் அழாத மனிதர் அங்கேதான் அழுதார்.

2. அந்தப் பாட்டைக் கைப்பேசியில் கேட்ட அவருடைய அண்ணன், எங்கள் சபையின் மூப்பர், தம்பிக்குள் பிசாசு புகுந்துவிட்டதாக முடிவு கட்டினார். பாட்டில் ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வேலையிடத்துக்கே வந்து, சின்ன ஜெபம் என்று சொல்லி ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனார். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர், பல் அச்சு எடுக்கும் மாவு ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் போனார்.

3. சிறு வயதிலிருந்தே அவர் தினமும் இன்சுலின் போட்டாக வேண்டியவர். ஊசியோடு ஓடினேன், உள்ளே விடவில்லை. உபவாசம் நடப்பதாகச் சொன்ன அண்ணன், "ஊசிய நம்புற வரைக்கும் அது அவனை விட்டுப் போகாதும்மா" என்றார். அவர் கெட்டவர் அல்லர், ஐயா. அழுதுகொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குப் பயம்.

4. இன்று காலை ஜன்னலோரம் நின்று கேட்டேன். அடிவயிற்றிலிருந்து விடாமல் இழுக்கும் கனத்த மூச்சு. பிசாசு பேசுகிறது என்று உள்ளே இன்னும் உரக்க ஜெபித்தார்கள். முன்பு ஒருமுறை ஊசி தவறியபோதும் இதே மூச்சுதான். சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அன்று மருத்துவர் சொன்னார்.

5. தங்கள் நிலையத்தில் இது குடும்ப விவகாரம் என்றும், எழுதிக் கொடுத்தால் பார்ப்பதாகவும் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலருகே நான் நிறுத்திவிட்டு வந்த, அவர் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் கைப்பேசியில் கூப்பிட்டார். "அண்ணி, அந்த மூச்சுச் சத்தம் நின்னுடுச்சு. உள்ள எல்லாரும் கைதட்டுறாங்க" என்றார்.

ஐயா, யார் மீதும் வழக்கு வேண்டாம். பூட்டை உடைக்க ஆளும் ஓர் ஆம்புலன்ஸும் இப்போதே அனுப்ப மன்றாடுகிறேன். இந்த மனுவைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நாள்: ஞாயிறு, முற்பகல்
இடம்: தங்கள் நிலையத்தின் வாசல் பெஞ்சு

கைகூப்பி நிற்கும்,
(கையொப்பம்)
பாடகரின் மனைவி