பச்சைக் கம்பி கோத்த பொத்தான்

தார்ன்ஹோ, சஃபோக்
நவம்பர் 6

அன்புள்ள தம்பி கிளிஃபுக்கு,

அக்கா அவிஸ் எழுதுவது. நான் நலம். அங்கே நியூசிலாந்தில் நீயும் ஜாய்ஸும் பிள்ளைகளும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். முறை இதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரித்தாய். பிறகு ஏதோ சாக்குச் சொன்னாய், நான் வைத்துவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முழுதாகக் கேள். போன செவ்வாய்க்கிழமை விவசாயி பொரெட்டின் எட்டு ஏக்கர் வயலில், ஓக் மரத்துக்குப் பக்கத்தில், உலோகம் தேடும் டிடெக்டர் கத்தியது. ஒரு சாண் ஆழத்தில் இன்னொரு வெள்ளீயப் பொத்தான். முன்பக்கத்தில் அதே படைப்பிரிவு எண். இது பதினான்காவது. திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் நூல் கோக்கிற காதில் ஒரு துண்டுப் பச்சைக் கம்பி. பிளாஸ்டிக் உறை போட்டது. தக்காளிச் செடியைக் குச்சியில் கட்டுகிற கம்பி! நெப்போலியனோடு சண்டை போடப் போன சிப்பாய் வழியில் தக்காளியும் பயிரிட்டானா?

அந்தக் கம்பியை எனக்குத் தெரியும். கிடைத்ததையெல்லாம் அதில் கோத்துக் கொட்டகை ஆணியில் மாட்டியவன் இந்த ஊரில் நீ ஒருவன்தான். நேரே நம் டிடெக்டர் கிளப்புக்குப் போய், உன்னோடு போட்டி நடத்திய ரே சட்டனைப் பிடித்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏன், உங்களுக்குத் தெரியாதா? நம்ம புதைச்சுத் தேடுற போட்டிக்கு அந்த வருஷம் புதைக்க வேண்டிய உலோக வில்லைங்க வந்து சேரல. கிளிஃப்தான் தன்னோட பொத்தான் டப்பாவைக் கொண்டாந்து பொரெட் வயல் பூரா தூவிவிட்டார். பாதி கூடக் கிடைக்கல, மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் பப்புக்கு ஓடிட்டோம்" என்றான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. என் டெரெக்கின் முதல் அறுவை சிகிச்சை வாரம் அது. நான் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

போட்டிக்காகப் புதைப்பதில் தப்பில்லை. ஆனால் எண்ணிப் புதைக்க வேண்டும், எண்ணி எடுக்க வேண்டும், ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புச் சாயத்தில் பொட்டு வைக்க வேண்டும். நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். கிளப் சுவரில் தொங்குகிற அந்த விதியை எழுதியவனே நீதான், மகாராஜா!

அதைக்கூடச் சோம்பேறித்தனம் என்று விட்டிருப்பேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு பொத்தானையும் படம் எடுத்து உனக்கு அனுப்பினேனே, அதற்கு என்ன சொல்கிறாய்? "அக்கா, இது சாதாரணச் சிப்பாய் போட்டது, அதிகாரி பொத்தான்னா தங்கமுலாம் இருக்கும். பிரமாதம், விடாதே, இன்னும் இருக்கும்!" என்று எழுதினாய். இன்னும் இருக்கும் என்று உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? புதைத்த கையே அடையாளம் சொன்னதென்றால், அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

என் மேலும் எனக்குக் கோபம்தான். இந்தக் காலத்து உரம் போட்ட மண்ணில் வெள்ளீயம் உளுத்துப் போகும். இவை பளிச்சென்று இருந்தன. இந்த மண் நல்ல மண் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வரைபடத்தில் பதிமூன்று சிவப்புப் புள்ளி வைத்து, "படை முகாம்" என்று எழுதி, ஊர் மன்றத்தில் அறுபது பேர் முன்னால் பேசினேன். மாவட்டத்துக்காகக் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் மிஸ் லம்லி என் பேச்சை நம்பி அத்தனையையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். என் சேகரிப்பில் இருக்கும் ஆயிரத்து நூறு பொருளும் எந்த வயல், எந்த மூலை என்று ஒழுங்காக எழுதி வைத்தவை. பதினான்கு பொய் என்றால் மீதியை யார் நம்புவார்கள்? முப்பது வருஷம் குளிரில் முழங்கால் தேய்ந்து சேர்த்த பெயர் அது.

புதன்கிழமை பொரெட்டிடம் போய்ச் சொன்னேன். மாடுகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "அப்போ என் வயல்ல யாருமே தங்கலியா?" என்று கேட்டார். அந்த மனுஷர் இரண்டு வருஷமாக அந்த வயலைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றுகிறார், கிளிஃப். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி விடுங்க அவிஸ், டீ போடுறேன்" என்றார்.

தொலைபேசியில் நீ சொன்ன காரணத்துக்கு வருகிறேன். "டெரெக் மச்சான் போனப்புறம் நீ வீட்டை விட்டு வெளிய வந்ததே அந்தப் பொத்தானுக்காகத்தான்க்கா. அதைக் கெடுக்க மனசு வரல" என்றாய். கேட்கும்போது காது எரிந்தது. உன் சிப்பாய்களுக்காகவா நான் வெளியே போனேன்? ஒரு ஆளுக்கு மட்டும் தண்ணீர் கொதிக்கிற சத்தம் பொறுக்காமல் போனேன். பீர் டப்பா மூடி கிடைத்திருந்தாலும் போயிருப்பேன். துக்கத்தில் இருக்கிறவள் என்பதற்காக என்னைக் குழந்தையாக்கி விளையாட்டுக் காட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தது? டெரெக் கடைசி வரை என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதைக்கூட மறைக்கவில்லை.

இதற்கும் மேலே ஒன்று. இரண்டு நாளாக என்னைத் தூங்க விடாதது அதுதான். ஒரே எண் போட்ட பொத்தான் உன் டப்பாவுக்கு இத்தனை எப்படி வந்தது? நீ கடையில் வாங்குகிறவன் இல்லை. நான் இந்தப் பைத்தியத்தில் சேர்வதற்கு முன்னால், நீ தனியாக அலைந்த காலத்தில், ஏதோ ஒரு வயலில் தோண்டி எடுத்திருக்கிறாய். அப்படியென்றால் அந்த ஆட்கள் நிஜம். எங்கேயோ குளிர் காய்ந்திருக்கிறார்கள், சட்டை கிழிந்திருக்கிறது, பொத்தான் அறுந்து விழுந்திருக்கிறது. எங்கே என்று கேட்டால் "எங்கேயோ ஆத்தோரம்னு நினைக்கிறேன்" என்கிறாய். ஒரு துண்டுக் காகிதம் எழுதிப் போட உனக்கு வலித்ததா? இருந்த இடத்திலிருந்து அவர்களைப் பிடுங்கி, இல்லாத இடத்தில் குடிவைத்து, என் வாயாலேயே ஊருக்கு அறிவிக்கவும் வைத்துவிட்டாய்.

வரும் வியாழக்கிழமை மிஸ் லம்லியிடம் போகிறேன். பதினான்கையும், கம்பியோடு, மேஜையில் வைத்து, தப்பு என் வீட்டுத் தப்பு என்று சொல்வேன். உன் பெயரையும் சொல்வேன், அதில் மாற்றமில்லை. பொரெட்டுக்கு நீயே உன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுது. ஜாய்ஸை எழுதச் சொல்லாதே, அவள் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

பிறகு உட்கார்ந்து யோசி. எந்த ஆறு, எந்தப் பாலம், யார் வயல், பக்கத்தில் என்ன மரம். எழுதினதும் ஜனவரியில் நானே போய்த் தேடுகிறேன். ஞாபகம் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுது. என்னைச் சந்தோஷப்படுத்த ஒரு வயலைக் கற்பனை செய்துவிடாதே. அப்பா அம்மா இல்லை, டெரெக்கும் இல்லை. இனி என்னிடம் உண்மை பேச எனக்கு மிச்சமிருப்பது நீ மட்டும்தான், தம்பி.

கடவுள் உனக்கு நல்ல உடம்பையும், அதைவிட நல்ல ஞாபகத்தையும் தரட்டும்.

இன்னும் கோபம் தணியாத,
உன் அக்கா
அவிஸ்