அஞ்சு நிமிஷம் ஊறணும்

அத்தைக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? மாமா மாத்திரை போடறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

நேத்து சூப்பர்வைசர் என் தோளைப் பாத்துட்டு, "என்னப்பா, மாவு சலிச்சிட்டு நேரா வேலைக்கு வந்துட்டியா?"ன்னார். பொடுகுதான். எப்பவும் போடற அதே செலினியம் ஷாம்புதான் போடறேன், ரெண்டு மாசமா கேக்கல. பாட்டிலைப் படிச்சா, அஞ்சு நிமிஷம் தலையில ஊறணுமாம். மெஷினுக்கெல்லாம் டைமிங் வெக்கிறவன், போட்டதும் அலசிட்டிருந்திருக்கேன்.

உங்க மக உயிரோட இருந்தப்ப, நான் தலைக்குக் குளிக்கறப்ப பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு எதையாவது பேசிக்கிட்டே இருப்பா. அவ "அலசுங்க"ன்னதும் தண்ணி ஊத்துவேன். அவ நேரம் பாத்திருக்கான்னு இப்பத்தான் தெரியுது.

போன்ல அலாரம் வெச்சுப் பாத்தேன். அஞ்சு நிமிஷம் சும்மா நிக்க முடியல அத்தை.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு போன் பண்றீங்களா? ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன். என்ன வேணா பேசுங்க. நேரமானதும் "அலசுங்க மாப்பிள்ளை"ன்னு சொல்லிடுங்க.

கம்பெனி வண்டி வந்துடுச்சு. எட்டு மணி, மறந்துடாதீங்க.