பாடைக்கு வழிவிடாத வாய்க்கால்

காவிரி பாயும் தலங்கள்தோறும் எழுந்தருளி, இருப்பவர்க்கும் இறந்தவர்க்கும் ஒரே நிழலாய் நிற்கும் ஈசன் திருவடிகளைப் பணிந்து தொடங்குகிறேன்.

உடன்பிறவாவிட்டாலும் என் உயிருக்கினிய தம்பி கலியபெருமாளுக்கு,

நீ மறைந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. நீ இருக்கும் இடத்தில் எல்லை உண்டா? காரைக்கால் என்றும் தமிழ்நாடு என்றும் அங்கேயும் கல் நட்டிருக்கிறார்களா?

நம் இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் வாய்க்கால்தான் எல்லை. உன் கரை காரைக்கால், என் கரை தஞ்சை மாவட்டம். உங்கள் ஊருக்கான சுடுகாடோ என் கரையில். அதனால் உங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால், நாங்கள் மேலே மதகின் ஷட்டரை இறக்கித் தண்ணீரை நிறுத்துவோம். மணல் தெரிந்ததும் பாடை கடந்து வரும். பதிலுக்கு, ஆண்டுதோறும் உங்கள் ஆட்கள் எங்களோடு இறங்கித் தூர் வாருவார்கள்.

இது எந்தத் தாளிலும் எழுதப்படாதது. உன் கரையில் பிரெஞ்சுக் கொடி பறந்தபோதும் நடந்தது என்பார் என் தந்தையார். கழக ஆட்சி வந்து, கூலித் தகராறில் என் ஊரே மூன்று கொடிகளாகப் பிரிந்து, அறுப்புக்கு ஆளின்றிக் கதிர் உதிர்ந்த ஆண்டிலும் ஷட்டர் இறங்கியது. அன்று ஷட்டரை ஒரு பக்கம் பிடித்தவன் செங்கொடிக்காரன்; மறுபக்கம் பிடித்தவர் அவனோடு பேச்சுவார்த்தையே இல்லாத மிராசுதார்.

நீ போனது மார்கழியில், சம்பா பால் பிடிக்கும் நேரம். தண்ணீர் முறை வைத்து வந்தது. அன்று எங்கள் முறையின் கடைசி நாள். என் நிலத்துக்கு இன்னும் நீர் ஏறவில்லை. உன் மகள் வரக் காத்து உன் உடலோ ஏற்கெனவே இரண்டு நாள் கிடந்துவிட்டது.

உன் மகன் சேகர் வாய்க்காலை நீந்தி, ஈர வேட்டியோடு வந்து, "அரை நாள் நிறுத்துங்க போதும்" என்று கேட்டான். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எங்கள் ஊர் கூடிப் பேசியது. கூட்டத்தில் பக்கிரிசாமி சிரித்தான். "தண்ணி திருடுறோம்னு நம்ம மேல மனு கொடுத்தவங்கதானே? பொணம் தூக்க மட்டும் நம்ம தயவு வேணுமாக்கும்."

பிறகு அவனே என் பக்கம் திரும்பினான். "பெரியவர் சொல்லட்டும். இறக்கச் சொன்னா இறக்கிடுறோம்."

நாள்தோறும் பதிகம் ஓதும் இந்த வாய் சொன்னது இவ்வளவுதான்: "நான் என்னப்பா சொல்றது. ஊர் எப்படியோ அப்படி."

ஷட்டர் இறங்கவில்லை. கழுத்தளவு நீரில் நால்வர் உன்னைத் தலைமேல் தூக்கி வந்தார்கள். சேகர் கொள்ளிச்சட்டியை உயர்த்திப் பிடித்து முன்னே வந்தான். நான் கரையில் நின்றேன். மாலைக்குள் என் நிலம் நிறைந்தது. நல்ல விளைச்சல், தம்பி. அந்த அரிசியில்தான் கோயிலுக்கு நிவேதனமும் நடக்கிறது.

எல்லாம் முடிந்தபின் சேகர் என் கையைப் பற்றிக்கொண்டான். "நீங்க என்ன பண்ணுவீங்க பெரியப்பா. அவங்க கேக்கணுமே." ஆமென்று தலையை ஆட்டினேன்.

இந்த ஆண்டு உங்கள் ஆட்கள் தூர் வார வரவில்லை. உன் கரையிலேயே புதிய சுடுகாட்டுக்குக் கொட்டகை எழும்புகிறது. இனி எவரும் எங்களிடம் வழி கேட்க வேண்டாம், நல்லதுதான் என்கிறார்கள். கொடிகளும் அரசுகளும் அறுக்காததை அரை நாள் தண்ணீருக்காக அறுத்தோம். மறுபடி முடிச்சுப் போட ஒரு நுனிகூட மிச்சமில்லை.

பாவம் தீரக் காவிரியில் மூழ்கச் சொல்கின்றன நூல்கள். எந்தத் தண்ணீரில் மூழ்குவேன்?

உன் திதியன்று, இக்கடிதம் பத்திரிகையில் அச்சேறுமுன், பஸ் ஏறிச் சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். ஊரார் என்னிடம் கேட்டார்கள், நான்தான் இறக்கச் சொல்லவில்லை என்று சேகரிடம் சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதைத் தரும் சுமை அவனுக்கு வேண்டாம். அதன்பின் அவன் என்னைப் பெரியப்பா என்று அழைக்கமாட்டான். தெரிந்தே வருகிறேன்.

இதை வாசிக்கும் உங்கள் இல்லங்களில் நெல்லும் நீரும் குறையாதிருக்கட்டும். உங்கள் பெரியவர்கள் காலம் நிறைந்து போகையில், அவர்களுக்கு வழிவிடுவோர் இரு கரையிலும் இருக்கட்டும்.

தம்பி என்று உன்னை அழைக்கும் உரிமையை இழந்த
உன் அண்ணன்,
தியாகராசன்