விதைச் சாமையை அரைத்தவன்

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
8-12-1937

அன்புள்ள மாணிக்கத்துக்கு,

நலம். லண்டன் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம், பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன இந்த ஊர்க் குடியானவர் சின்னுசாமி கையில் மூன்று வாரம் தாமதமாக வந்து சேர்ந்தது. உன் ரசாயனப் பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி எனக்கு ஆராய்ச்சி இடம் வாங்கியிருக்கிறாய். உன் பக்கத்து மேசைதான் என்று வேறு எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு, சந்தோஷப்பட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் நாம் ஒரே பியூரெட் குழாய்க்குச் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? ஆய்வுக்கூடத்து நாற்றம் சட்டையில் ஏறி, விடுதிச் சமையற்காரர் நம்மை மட்டும் வாசலோரம் உட்காரவைத்துப் பரிமாறுவார். அப்படி ஒரு ஐந்து வருடம் எனக்கு இனி வாய்க்காது. நீ முந்திப் போ, பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று துறைமுகத்தில் சொன்னவனும் நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ரசாயனத்துக்கு வரவில்லை. அங்கேயே தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டத்துக்கு விண்ணப்பம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

சாமையில் சத்து எவ்வளவு என்று பார்க்கத்தானே இந்த மலைக்கு வந்தேன். சின்னுசாமியின் மனைவி கண்ணாயியிடம், இருப்பதிலேயே நல்ல சாமையாகக் கொடுங்கள் என்று கேட்டேன். இங்கே நல்லது என்றால் விதைக்கு எடுத்துவைத்ததுதான் என்று எனக்கு எங்கே தெரியும்? நான் ஏதோ சர்க்கார் பண்ணையில் விதைக்கப்போகிறேன் என்று நினைத்து, அடுப்புக்கு மேலே கலயத்தில் காத்து வைத்திருந்ததை அப்படியே கொட்டிக் கொடுத்துவிட்டாள். நான் அதை மாவாக்கி முடித்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை.

"அது வெதைச் சாமைங்க. அதையா அரைச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வருடம் மழை பொய்த்ததில் மற்ற வீடுகளில் அந்த ரகம் அழிந்துபோய், அவளிடம் மட்டும் மிஞ்சியிருந்ததாம்.

அன்றைக்கே, சாமை வாங்கிவந்த துணிப்பையின் தையலைப் பிரித்து உதறினேன். பதினேழு மணி கிடைத்தது. ஆனியில் அவள் காட்டிலேயே விதைத்தோம், பதினொன்று முளைத்தது. ஊருக்குக் கிளம்ப வேண்டிய நான் அறுவடை வரை தங்கிவிட்டேன். மற்ற சாமை பால் பிடிக்கும்போதே இது முற்றிவிட்டது. ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாவில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான் என் படிப்பு. இப்போது கண்ணாயியின் கலயத்தில் ஆழாக்கு விதை இருக்கிறது.

துறை மாறும் காரணத்தை ஒரு பக்கத்தில் எழுத வேண்டுமாம். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கௌரவமாக வந்தது எதுவும் உண்மையாக இல்லை. கடைசியில், விதையை அரைத்துவிட்டேன் என்றே எழுதியிருக்கிறேன். சேர்த்துக்கொண்டால் முதல் வருடம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இலையும் வேரும் படிக்க வேண்டும், படிப்பேன். சேர்த்துக்கொள்ளாவிட்டால் இரண்டு இடமும் போய்விடும். உன்னை எப்போது பார்ப்பேன் என்பதும் தெரியாது.

விண்ணப்பத்தைத் தாவரப் பேராசிரியரிடம் நீயே நேரில் கொடு. கடைசி நாள் பிப்ரவரி முதல் தேதி. எனக்காகக் கெஞ்சியவன் நீ. உனக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆறட்டும் என்று மட்டும் வைத்துவிடாதே. கோபத்தோடேயே கொண்டுபோய்க் கொடு, மாணிக்கம்.

என்றும் உன்,
அர்த்தனாரி